கரிசல் நிலத்தில் தாகமும் நீரிழிவும்

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, ஓட்டப்பிடாரம் வட்டத்தில், கைலாசநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த பசுவந்தனையும் அதை ஒட்டிய சிற்றூர்களும் கரிசல் எனப்படும் கருமண் நிலத்தின் நடுப்பகுதியில் இருப்பவை. ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும் இந்நிலத்தில், அம்மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே பெய்து தீர்வதாலும், ஆற்றுப் பாசனம் இல்லாததாலும், வெட்டிய கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாகவே ஊறியதாலும், குடிநீர் என்றால் ஊருணியில் தேங்கிய மழைநீர் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. கலங்கலாகக் கொண்டுவந்த நீரைத் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்துக் குடித்த இம்மக்களுக்குத் தாகம் என்பது பங்குனி தொடங்கி ஆவணி வரை உடன் இருப்பது. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் காட்டில் உச்சிப்பொழுதில் வேலை செய்தவர் ஒரு செம்பு நீரை ஒரே மூச்சில் குடித்தால் அதை எவரும் நோயின் குறியாகக் கொள்வதில்லை. தாகம் இயல்பாகிவிட்ட நிலத்தில் தாகத்தையே முதல் அறிகுறியாகக் கொண்ட ஒரு நோய் எவ்வாறு அறியப்பட்டது, அதற்கு எவ்வாறு மருந்து தேடப்பட்டது, அந்நோய்க்குப் பழைய மருத்துவம் விதித்த வாழ்க்கையும் கரிசல் உழவரின் அன்றாட வாழ்க்கையும் எவ்வளவு நெருங்கியிருந்தன, அந்நெருக்கம் எவ்வாறு குலைந்தது என்பவை இவ்வட்டாரத்தின் வரலாற்றோடு பிணைந்த செய்திகள்.

வெயிலால் வரும் தாகத்தையும் நோயால் வரும் தாகத்தையும் வேறுபடுத்துவது தொண்டை அன்று, சிறுநீரே ஆகும். வியர்வையால் உடல் நீரை இழக்கும்போது குருதியின் உப்புச் செறிவு கூடுகிறது. அதை உணரும் மூளையின் அடிப்பகுதி தாகத்தைத் தூண்டுவதோடு, பிட்யூட்டரி சுரப்பியின் வழியாக வாசோபிரெசின் என்னும் இயக்குநீரையும் வெளிவிட, அந்த இயக்குநீர் சிறுநீரகத்தை நீரைச் சேமிக்கச் செய்கிறது. அதனால் காட்டு வேலை முடித்து வருபவரின் சிறுநீர் குறைவாகவும் மஞ்சள் அடர்ந்தும் கடுப்போடும் இறங்கும். மக்கள் அதைச் சூடு என்றும் நீர்க்கடுப்பு என்றும் கூறுவர். நோயில் நிகழ்வது இதன் தலைகீழ்: குடிக்கக் குடிக்க நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், வெளியேறும் நீரும் மிகுதியாக இருக்கும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழித்தால் அதை மிகைநீர்ப்போக்கு என்று இன்றைய மருத்துவம் வரையறுக்கிறது. அடிக்கடி கழிப்பதும் மிகுதியாகக் கழிப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்றிலும், முதியவரின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்திலும் பலமுறை செல்ல நேர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் வெளியேறுவது சிறிதளவே.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் முறை தமிழ் மருத்துவத்தில் விரிவாக வளர்ந்திருந்தது. சித்த மருத்துவர் நோயாளியை ஆராயும் எண்வகைத் தேர்வில், நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம் ஆகியவற்றோடு சிறுநீரும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் விடியற்காலையில் பிடித்த நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் ஆராயச் சொல்கின்றன. எஞ்சல் என்பது நீரின் அளவு குறைந்திருப்பதைக் குறிக்கும். பின்னர் அந்நீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று முடிவு செய்தனர். எண்ணெய்த் துளியின் வடிவம் நோயைக் காட்டும் என்பதை இன்றைய உடலியல் கொண்டு நிறுவ இயலாது. ஆயினும் நீரின் நிறத்தையும் எடையையும் அளவையும் நாள்தோறும் நோக்கச் சொன்ன ஒழுங்கு மதிப்புடையது. எடை என்று அவர்கள் கருதியதற்கும் இன்றைய ஆய்வகம் சிறுநீரின் ஒப்படர்த்தி என்று அளப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிதன்று.

மிகுநீர் நோய்களை மேகம் என்ற பெயரில் தொகுத்த சித்த நூல்களும், பிரமேகம் என்று தொகுத்த வடமொழி நூல்களும் அவற்றை 20 வகையாகப் பிரித்தன: கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4. இவற்றுள் நிறமும் மணமும் இன்றித் தெளிந்த தண்ணீர்போல் மிகுதியாக இறங்குவதை உதகமேகம் என்றும், கரும்புச் சாறுபோல் இனித்திருப்பதை இட்சுமேகம் என்றும், நோய் முற்றித் தேன்போல் ஆவதை மதுமேகம் என்றும் வழங்கினர். இனிப்பான நீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டதே அவர்களின் சோதனை. கரிசல் ஊர்களிலும் ஆய்வகம் வரும் வரை முதியவரின் நோயை வீட்டார் அறிந்துகொண்ட வழி அதுவே. பழைய 20 வகைகளையும் இன்றைய நோய்ப்பெயர்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது பிழையாக முடியும். ஆனால் நீர் மட்டும் மிகுவதும் நீரோடு இனிப்பும் போவதும் வெவ்வேறு என்று கண்டது சிறிய செயலன்று. மேலை மருத்துவத்தில் 2ஆம் நூற்றாண்டில் கப்படோசிய நாட்டு அரெட்டேயசு தீராத தாகத்தையும் உடல் உருகி நீராய்ப் போவதையும் உருக்கமாக எழுதியிருந்தும், நீரின் இனிப்பை ஆங்கில மருத்துவர் தாமசு வில்லிசு 1674இல்தான் சுவைத்து எழுதினார். அந்த இனிப்பு சர்க்கரையே என்றும் குருதியிலும் அது உண்டு என்றும் மேத்யூ தாப்சன் 1776இல் காட்டினார். இனிப்புள்ள நோயையும் இனிப்பற்ற நோயையும் யோகான் பீட்டர் பிராங்க் 1794இல் பிரித்தார்.

இந்நோய்க்குப் பழைய நூல்கள் விதித்த மருத்துவமே கரிசல் நிலத்தின் வரலாற்றைப் படிப்பவரை நிறுத்தி எண்ண வைப்பது. சரக சங்கிதை நோயின் காரணங்களைக் கூறுகையில் சுகமாக உட்கார்ந்திருத்தல், மிகுந்த உறக்கம், தயிர், பால், புதிய தானியம், வெல்லத்தில் செய்த பண்டங்கள் ஆகியவற்றை அடுக்குகிறது. சுசுருத சங்கிதையோ நோயாளிக்கு வரகு, சியாமாகம் என்னும் குதிரைவாலி இனப் புல்லரிசி, துவரை, கொள்ளு ஆகியவற்றை உணவாக்குவதோடு, பொருளற்ற நோயாளி செருப்பும் குடையும் இன்றி ஊர் ஊராக 100 யோசனை நடக்க வேண்டும் என்றும், உழவு செய்யலாம், கிணறு தோண்டலாம் என்றும் விதிக்கிறது. கரிசல் உழவர் இவற்றை எவர் விதித்தும் செய்யவில்லை. குதிரைவாலியும் வரகும் கம்பும் சோளமும் அவருடைய நிலத்தில் விளைந்தவை. தென்மாவட்டத்தார் காணம் என்று வழங்கும் கொள்ளு அவருடைய அடுப்பிலும் மாட்டுத் தொட்டியிலும் வெந்தது. வெறுங்காலோடு நடப்பதும், மண்ணை உழுவதும், நீரைத் தேடி நிலத்தைத் தோண்டுவதும் அவருடைய பிழைப்பு. நோயாளிக்கு மருந்தாக எழுதப்பட்டது இங்கே ஏழைக்கு வாழ்க்கையாக அமைந்திருந்தது. அந்த வாழ்க்கையைப் பொற்காலமாகப் பாடுவதற்கு இது காரணமாகாது, ஏனெனில் அதில் பசியும் இருந்தது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியதை மறந்துவிட்டு வரகுச் சோற்றின் நலத்தைப் பேசுவது முறையன்று.

மருந்துச் செடியும் இந்நிலத்திலேயே இருந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் கரிசல் காட்டின் வரப்போரத்திலும் ஓடைக்கரையிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை, தோல் பதனிடுவோருக்குப் பட்டையையும் பொங்கலன்று வீட்டுக் கூரைக்குக் காப்புக் கட்டப் பூவையும் தந்ததோடு, மேகநோய் மருந்துகளில் முதலிடமும் பெற்றது. ஆவாரைக் குடிநீர் என்னும் கசாயத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியவை சேர்கின்றன. ஊருணி நீரைத் தெளியவைத்த தேற்றாங்கொட்டையும் மேகநோய்க்கும் நீர் எரிச்சலுக்கும் உரிய மருந்துகளில் இடம்பெறுவது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரம் இனிப்புச் சுவை தெரியாமற் போவதை அறிந்திருந்த மக்கள் அதைச் சர்க்கரைக்கொல்லி என்றனர்; அவ்விலையிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்து அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டவர் உதகமண்டலத்தில் சிங்கோனா ஆய்வாளராகப் பணியாற்றிய டேவிட் ஊப்பர், ஆண்டு 1887. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி இம்மருந்து மரபுக்குக் கல்வி வடிவம் தந்தது. ஆயினும் இக்குடிநீரை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிரைப் பறிக்கும் என்பதை ஒளிவின்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கும் இளையவர்க்கும் வரும் முதல்வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே அநேகமாக நின்றுவிடுவதால், 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்படும் வரை உலகின் எந்த மருத்துவமும் அவர்களை நெடுநாள் காத்ததில்லை. நன்றாக உண்ட பிள்ளை இளைப்பதும், ஓயாமல் தண்ணீர் கேட்பதும், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவதும் அந்நோயின் குறிகள். வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனிப்பு நீரோடு சேர்ந்து வெளியேறுவதன் காரணம் எளியது. குருதியில் குளுக்கோசின் அளவு 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதை முழுவதும் மீட்க முடியாமல் விட்டுவிடுகிறது. வெளியேறும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்ல, உடல் வறண்டு தாகம் எழுகிறது. எனவே தாகத்தால் நீர் மிகுவதன்று, நீர் போவதால் தாகம் மிகுகிறது. தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் நோய் தணியும் என்ற எண்ணம் இதை அறியாமையால் பிறந்த தீங்கு. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவமனைகள் இந்தச் சர்க்கரையைப் பெனடிக்ட் கரைசலால் கண்டறிந்தன. சோதனைக் குழாயில் நீலக் கரைசலோடு எட்டுத் துளிச் சிறுநீரைக் கொதிக்கவைத்தால் சர்க்கரையின் அளவுக்கேற்ப அது பச்சை, மஞ்சள், செங்கல் நிறமாக மாறும். எறும்பை விடத் திருத்தமான இச்சோதனைக்கும் குறை உண்டு: 180க்குக் கீழே நிற்கும் நோயை இது காட்டாது. இன்று வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கொள்வதால், தாகமும் மிகுநீரும் தோன்றும் முன்பே பலருக்கு நோய் பல ஆண்டு மூத்திருக்கிறது.

தமிழகத்தில் இந்நோய்க்கென்று தனி மருத்துவத்தைத் தொடங்கியவர் எம். விசுவநாதன். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவையும், 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் அவர் அமைத்தபோது இது நகரத்து நோய், அதிலும் வசதி படைத்தோர் நோய் என்ற எண்ணமே எங்கும் நிலவியது. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டில் எடுத்த கணக்கும் நகரத்தில் 2.1, சிற்றூரில் 1.5 விழுக்காடு என்றே காட்டியது. 1989இல் சென்னைக் குழுவினர் கண்ட அளவு நகரில் 8.2, சிற்றூரில் 2.4. அதே நாட்டுப்புறத்தில் 2003இல் அது 6.4 ஆயிற்று. 2011இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின் முதற்பகுதி தமிழகச் சிற்றூர்களுக்கு 7.8 விழுக்காடு என்றது. 2023இல் வெளிவந்த முழு ஆய்வில் நகரமும் சிற்றூரும் சேர்ந்து தமிழகத்தின் அளவு 14.4 விழுக்காடு.

இந்த ஏற்றம் நிகழ்ந்த ஆண்டுகளில் கரிசல் வட்டாரத்தில் மாறியவை பல. கோவில்பட்டியில் 1901இல் அமைந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் வளர்த்த கருங்கண்ணிப் பருத்தியும் மானாவாரித் தானியங்களும் பரப்பில் சுருங்கின. நூற்பாலையும் தீப்பெட்டித் தொழிலும் பெருகின. காற்றில் ஈரம் குறைந்த நிலமாதலால் தீக்குச்சிக்கு ஏற்ற இடம் என்று பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில், பெட்டி ஒட்டுவதும் கட்டை அடுக்குவதும் பெண்களை நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்காரவைத்தன. சுகமாக உட்கார்ந்திருப்பதைச் சரகர் காரணமாகக் கூறினார். இவர்கள் உட்கார்ந்ததில் சுகம் ஏதும் இல்லை, ஆனால் தசைகள் அதைப் பிரித்தறிவதில்லை. உணவிலோ, பண்டிகை நாளில் மட்டும் வெந்த நெல்லுச்சோறு நாள்தோறும் மூன்று வேளை ஆயிற்று. அருகிலுள்ள எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த பள்ளி மதிய உணவும், 1967க்குப் பின் மலிந்த நியாயவிலைக் கடை அரிசியும், 2011 முதல் விலையின்றிக் கிடைக்கும் அரிசியும் பசியை ஒழித்தவை. அவற்றை நோய்க்குக் காரணமாக்கிப் பழிப்பது நன்றிகேடு. கம்மங்கூழை விட்டு நெல்லுச்சோற்றுக்கு மாறியது மக்களின் கண்ணில் மானத்தோடு தொடர்புடைய முன்னேற்றமாகவும் இருந்தது. குறை அரிசியில் இல்லை. உழைப்பு குறைந்த பின்னும் சோற்றின் அளவு உழவு நாளின் அளவாகவே நின்றதிலும், காணமும் துவரையும் சுருங்கியதிலும் இருக்கிறது. பனைநாட்டை அடுத்த பகுதியாதலால் கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கை இங்கே வலுவாக உள்ளது. கருப்பட்டியின் பெரும்பகுதியும் வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்ரோசு ஆதலால் அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

வசதி மிகுந்தோர்க்கே இந்நோய் வரும் என்ற கருத்தை உடைத்த மற்றொரு வரலாறும் உண்டு. மெலிந்த, இளம் வயதினரான ஏழைகளுக்கு வரும் ஒருவகை நீரிழிவு 1955இல் ஜமைக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உலக நலவாழ்வு அமைப்பு 1985இல் அதை ஊட்டக்குறை நீரிழிவு என்று தன் பட்டியலில் சேர்த்து, சான்று போதாது என்று 1999இல் நீக்கிவிட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் நியூயார்க் ஆய்வாளரோடு சேர்ந்து இந்நோயாளிகளை ஆராய்ந்து, இவர்களின் உடல் இன்சுலினை ஏற்க மறுப்பதில்லை, சுரப்பே குறைந்திருக்கிறது என்று 2022இல் காட்டினர். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. பஞ்சத்தையும் அரைவயிற்றுக் கஞ்சியையும் தலைமுறைகளாக அறிந்த வானம் பார்த்த நிலங்களுக்கு இவ்வறிவிப்பு மிக முதன்மையானது. ஏனெனில் ஒல்லியான உழவர் ஒருவர் தாகத்தையும் இளைப்பையும் சொல்லும்போது அதை வெயிலின் மீதும் வேலையின் மீதும் ஏற்றிவிடுவது இதுவரை எளிதாக இருந்தது.

சர்க்கரை இல்லாமலும் தாகமும் மிகுநீரும் வரும் காரணங்களைப் பொதுமக்கள் அதிகம் அறியவில்லை. உதகமேகத்தை நினைவூட்டும் நோயில், வாசோபிரெசின் சுரக்காமலோ, சுரந்தும் சிறுநீரகம் அதற்குப் பணியாமலோ, தெளிந்த நீர் நாளுக்குப் பல லிட்டர் இறங்கும். பிட்யூட்டரிச் சாறு இதைத் தணிப்பது 1913இல் கண்டறியப்பட்டது. சர்க்கரை நோயோடு குழப்பிக்கொள்ளாதிருக்க 2022இல் பன்னாட்டு மருத்துவக் குழு இதன் பெயரையே மாற்றி, வாசோபிரெசின் குறைபாடு என்றும் வாசோபிரெசின் எதிர்ப்பு என்றும் இரண்டாக்கியது. குருதியில் கால்சியம் மிகுவது, பொட்டாசியம் குறைவது, நாட்பட்ட சிறுநீரக நலிவின் தொடக்கம், மனநோய்க்குத் தரும் லித்தியம், இரத்த அழுத்தத்திற்கும் கால்வீக்கத்திற்கும் தரும் நீரிறக்கி மாத்திரைகள், மனநிலை காரணமாக அளவிறந்து நீர் அருந்துவது ஆகியவையும் இதே இரண்டு குறிகளோடு வரும்.

பெண்களின் நிலை தனியே கூறத்தக்கது. பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமலே இருப்பதும், வந்த சிறுநீரை அடக்குவதும் இவ்வட்டாரப் பெண்கள் தலைமுறைகளாகக் கைக்கொண்ட வழி. அதன் விளைவாக வரும் சிறுநீர்ப்பைத் தொற்று அடிக்கடி நீர் பிரியும் துன்பத்தைத் தந்து, அத்துன்பத்திற்கு அஞ்சி இன்னும் குறைவாகக் குடிக்கவைக்கிறது. அதே பெண்ணுக்குச் சர்க்கரையும் இருந்தால் தொற்று ஆறுவதில்லை, மீண்டும் மீண்டும் வருகிறது. ஆதலால் அடிக்கடி நீர்க்கடுப்பு என்று வரும் பெண்ணின் குருதியில் சர்க்கரையைப் பார்ப்பது மருத்துவ நெறி.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டினகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இன்று பெண் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து விரல்நுனிக் குருதியில் சர்க்கரையை அளந்து மாத்திரையும் தருகின்றனர். தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து குழாய்நீரும் கோவில்பட்டிக்கு வந்துவிட்டது. ஆனால் விரல்நுனிக் கருவி சர்க்கரையை மட்டுமே அறியும். அதில் அளவு சரியாக இருந்தும் தாகமும் மிகுநீரும் தொடரும் ஒருவருக்குச் செய்ய வேண்டியவை வேறு: ஒரு நாள் முழுவதும் கழியும் நீரை அளவிட்ட கலத்தில் சேர்த்துப் பார்ப்பது, விடியற்காலை நீரின் ஒப்படர்த்தியை அளப்பது, குருதியில் கால்சியம், பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் ஆகியவற்றைச் சோதிப்பது, அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கேட்டறிவது. இவற்றுள் முதலிரண்டுக்கும் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தேரையர் மரபு விடியற்காலையில் பார்க்கச் சொன்னதும் நீரின் எடையையும் அளவையுமே.